போர்க்களத்தில் கல்யாண உடையா?

ஸ்காட்லாந்து நாட்டில் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய காலத்துச் சண்டைகளை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். வாரம் முழுவதும் ஆபீசிலும் கடையிலும் வேலை பார்ப்பவர், லீவு நாளில் வாளும் கேடயமுமாக மைதானத்துக்கு வந்துவிடுவார். வெடிச் சத்தம் கேட்கும். புகை மண்டும். குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இதில் பலருக்கும் பிடித்த வேஷம், மலைநாட்டுச் சிப்பாய் வேஷம்! ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப் பகுதியில் ஆண்கள் கட்டம் போட்ட கம்பளித் துணியைக் கொசுவம் வைத்து இடுப்பில் உடுத்துவார்கள். அது முழங்கால் வரை தொங்கும். அந்த உடைக்குப் பெயர் "கில்ட்". கட்டம் போட்ட துணிக்குப் பெயர் "டார்ட்டன்".

இந்த உடை எங்கே கிடைக்கும்? கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் கடையில் கிடைக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் நேரே அங்கேதான் போகிறார்கள். தப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

கலோடன் சண்டை

1746-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந்தேதி. கலோடன் என்ற பொட்டல்வெளி. பிரிட்டிஷ் சிம்மாசனம் தன் குடும்பத்துக்கே சேர வேண்டும் என்று படை திரட்டி வந்தார், சார்லஸ் எட்வர்டு என்ற இளவரசர். மலைநாட்டார் பலர் அவர் பக்கம் நின்றார்கள். எதிரே அரசாங்கப் படை. சண்டை ஒரு மணி நேரங்கூட நீடிக்கவில்லை. இளவரசர் படையில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

அதோடு விடவில்லை. மலைநாட்டாரின் உடைக்கே தடை போட்டது அரசாங்கம்! 1747-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி முதல் ஆண்களும் சிறுவர்களும் அந்த உடையை உடுத்தக்கூடாது. உடுத்தி அகப்பட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் முறை அகப்பட்டால் கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782-ம் ஆண்டு வரை இந்தச் சட்டம் இருந்தது.

ஒரே ஒரு விலக்கு. அரசாங்கப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் உடுத்தலாம்! அண்ணன் பட்டாளத்துக்காரன் என்றால் அவனுக்கு அது மரியாதை. அதையே ஊரில் தம்பி உடுத்தினால் ஜெயில். எப்படி இருக்கிறது நியாயம்?

அந்தத் தடை அமலில் இருந்தபோதே, 1780-ம் ஆண்டு, மலைநாட்டுப் பட்டாளம் ஒன்று சென்னையில் வந்து இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சீபுரம் அருகே புள்ளலூரில் ஐதர் அலியின் படையோடு நடந்த சண்டையில் அதன் சிப்பாய்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரப் படை அன்று நிர்மூலமானது.

இத்தனை பேர் ரத்தமும் கண்ணீரும் பட்ட உடை இது. இதை ஏனோதானோ என்று மாட்டிக்கொண்டு நிற்பது சரியா?

கடைச் சரக்கு

கடையில் தொங்கும் கில்ட்டில் கொசுவம் தைத்தே இருக்கும். அப்படித் தைக்கும் வழக்கம் 18-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. கலோடனில் நின்றவர்களில் பலர் உடுத்தியது நீளத் துணி. பட்டாளத்தில் ஒரு சிப்பாய்க்குச் சுமார் 12 கெஜம் கொடுத்தார்கள். அந்தக் காலத்துத் தறியின் அகலம் குறைவு. ஆகவே துணியை இரண்டாக வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பார்கள். ஆறு கெஜ நீளமும் இரட்டை அகலமும் கிடைக்கும். கீழ்ப் பாதியைக் கொசுவி பெல்ட்டால் இறுக்குவார்கள். மேல் பாதி தோளுக்குப் போகும். மழை பெய்தால் தலைக்கு முக்காடு. இரவில் அதுவே போர்வை!

"எங்கள் வம்சத்துக்கு இந்தக் கட்டம்தான்" என்று கடைக்காரர் ஒரு துணியை எடுத்துப் போடுவார். அதை நம்பக்கூடாது. 1822-ம் ஆண்டு நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகரத்துக்கு வந்தார். அந்த விழாவுக்குப் பிறகுதான் வம்சத்துக்கு ஒரு கட்டம் என்ற மோகம் நாடெங்கும் பரவியது. கலோடன் சண்டையை மோரியர் என்ற ஓவியர் அந்தக் காலத்திலேயே வரைந்திருக்கிறார். படத்தில் ஒரே ஆள் உடம்பில் இரண்டு மூன்று விதக் கட்டங்கள்! இளவரசர் படைக்கு யூனிபாரம் கிடையாது. நீலத் தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் பூதான் அடையாளம். ஒரே கட்டத்துத் துணி உடுத்தியது அரசாங்கத்தின் மலைநாட்டுப் பட்டாளம். கரும்பச்சை, நீலம், கறுப்பு கலந்த துணி அது.

காலுறையில் செருகும் குட்டிக் கத்தி, இடுப்பில் ஆடும் வெள்ளைக் குதிரைமயிர்ப் பை, தலையில் தீக்கோழி இறகுத் தொப்பி எல்லாம் பிற்கால அலங்காரங்கள். கலோடன் வீரன் வேஷத்தில் இவற்றைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொரு கூட்டம் நேர் எதிர். "அசலே வேண்டும்" என்று ஏலத்தில் தேடுகிறார்கள். கலோடன் காலத்து உடைகளில் மிஞ்சியவை வெகு சில. 19-ம் நூற்றாண்டுப் பட்டாள உடைகளும் முதல் உலகப் போர் கில்ட்டுகளும் இன்னும் விலைக்கு வருகின்றன. பணம் இருந்தால் வாங்கட்டும். பத்திரமாக வைக்கட்டும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு சேற்றில் புரளலாமா? வியர்வையும் மழையும் பட்டால் நூறு வருஷக் கம்பளி எத்தனை நாள் தாங்கும்? ஒருவர் ஒரு நாள் ஆசைக்குக் கிழித்த துணியை அப்புறம் எந்தத் தறியில் நெய்வது?

அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்வதே நல்லது. பெர்த் நகரத்தில் மலைநாட்டுப் பட்டாளத்தின் மியூசியம் இருக்கிறது. எடின்பரோவில் தேசிய மியூசியம் இருக்கிறது. அங்கே போய்த் தையலைப் பார்க்க வேண்டும். கலோடன் காலத்தில் தையல் மிஷின் இல்லை, எல்லாம் கைத்தையல். சாயத்தைப் பார்க்க வேண்டும். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்குச் செடியின் வேரில் எடுத்த சிவப்பு. அதிகாரியின் கோட்டுக்குப் பூச்சியிலிருந்து எடுத்த விலை உயர்ந்த சிவப்பு. 1856-ம் ஆண்டுக்குப் பிறகு வந்த ரசாயனச் சாயத்தின் பளபளப்பு அவற்றில் இருக்காது. சிப்பாயின் காலுறைகூடப் பின்னியது அல்ல. நெய்த துணியை வெட்டித் தைத்தது.

செலவு ஆகுமே என்பார்கள். ஆகத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் வாங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? முதல் வருஷம் ஒரு நீலத் தொப்பியும் நல்ல கம்பளித் துணியும் போதும். மற்றதைக் கூட்டாளிகளிடம் இரவல் வாங்கலாம். துணி வாங்கப் போனால் "எந்த வருஷத்து மாதிரி, எதைப் பார்த்து நெய்தது?" என்று கடைக்காரரை முதலில் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லாமல் வம்சப் பெயரைக் கேட்டால், பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.