எடை பார்க்கும் பள்ளிகள் தட்டைப் பார்ப்பது எப்போது?

தமிழ்ப்பள்ளி என்றதும் நம்மிடையே எழும் பேச்சு பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே அமைகிறது. மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்பது ஒன்று. தேர்ச்சி நிலை எப்படி என்பது இரண்டு. கட்டடமும் கணினியும் வந்து சேர்ந்தனவா என்பது மூன்று. இவை எல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால், அந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படிக்கும் ஒரு பிள்ளை ஆயிரம் நாளுக்கு மேல் ஓய்வு வேளையில் என்ன உண்கிறது, எவ்வளவு நேரம் ஓடியாடுகிறது என்பதை நாம் கேட்பதில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். சுவரைக் கட்டும் இடங்களில் ஒன்று பள்ளிச் சிற்றுண்டிச்சாலை என்பதை மறந்து விடுகிறோம்.

எண்கள் சொல்லும் செய்தி

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். அதாவது, பத்துப் பிள்ளைகளில் மூவர். அவர்களுள் உடற்பருமன் உடையோர் மட்டும் 14.8 விழுக்காடு. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015இல், இது 11.9 விழுக்காடாக இருந்தது.

நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் எண் ஒன்றும் அதே 2019 ஆய்வில் இருக்கிறது. நாட்டில் 18 வயதைக் கடந்தோரில் நீரிழிவு உள்ளோர் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். நம்மில் யாருடைய வீட்டில்தான் இனிப்பு நீர் மாத்திரை இல்லை? நாற்பது வயதில் தாத்தாவுக்கு வந்தது, முப்பத்தைந்தில் அப்பாவுக்கு வந்தது. அடுத்த தலைமுறைக்கு எந்த வயதில் வரும் என்பது ஓரளவு இன்று ஆரம்பப்பள்ளியில் முடிவாகிறது. சிறு வயதில் பருமனாக இருக்கும் பிள்ளை பெரியவனான பின்னும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

உடற்பருமன் வசதி படைத்தவர் வீட்டு நோய் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் உண்டு. "பையன் நல்லா புஷ்டியா இருக்கான்" என்று கன்னத்தைக் கிள்ளி மகிழும் பழக்கமும் உண்டு. அந்த ஆய்வோ இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஒரே நாட்டில், ஒரே தாமானில், சில வேளைகளில் ஒரே வீட்டில் குன்றிய பிள்ளையும் பருத்த பிள்ளையும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: மாவும் சீனியும் எண்ணெயும் மலிவு, மீனும் காய்கறியும் பழமும் விலை அதிகம். குறைந்த பணத்தில் வயிற்றை நிரப்ப வேண்டியவர் எதை வாங்குவார்?

திட்டங்களுக்குக் குறைவில்லை

அரசாங்கம் கைகட்டி இருந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஏழைப் பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டம், நாம் ஆர்.எம்.டி. என்று அழைப்பது, 1979ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் மிட்டாய், வாயு பானம், உடனடி மீ போன்றவற்றை விற்கக்கூடாது என்ற வழிகாட்டி இருக்கிறது. 2008இல் செகாக் என்னும் உடற்தகுதிச் சோதனை வந்தது. 2011இல் ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கை வந்தது.

இத்தனை இருந்தும் எண் ஏறிக்கொண்டே போவானேன்? என் கருத்து இதுதான்: நம் பள்ளிகள் பிள்ளைகளின் உடலை அளக்கின்றன, ஆனால், அந்த உடலுக்குள் போகும் உணவையும், அது அசைவதற்கான நேரத்தையும் மாற்றவில்லை. அளப்பது எளிது. ஒரு தராசும் ஒரு பாரமும் போதும். மாற்றுவதற்குப் பணமும் கால அட்டவணையும் வேண்டும்.

நான்காம் ஆண்டு முதல் ஆண்டுக்கு இரு முறை செகாக் சோதனை செய்தவர்கள் நாம். மூன்று நிமிடம் பலகை ஏறி இறங்குவோம், தண்டால் எடுப்போம், உட்கார்ந்து கால் விரலை எட்டுவோம். பின்னர் எடையும் உயரமும் அளந்து பி.எம்.ஐ. கணக்கிடுவார்கள். நான் படித்த பள்ளி ஒன்றில் எடையை உரக்கச் சொல்லித்தான் பதிவு செய்தார்கள். ஒரு தோழியின் எண்ணைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அடுத்த சோதனை நாளில் அவள் பள்ளிக்கே வரவில்லை. அந்த எண்ணைக் கொண்டு பள்ளி அவளுக்கு என்ன செய்தது? பாரத்தில் எழுதி, கோப்பில் வைத்தது. அதே நாள் ஓய்வு வேளையில் அவள் வாங்கிச் சாப்பிட்டது எப்போதும் போல் பொரித்த கோழி உருண்டையும் சிவப்புச் சிரப் பானமும்தான். வேறு எதுவும் அங்கு விற்கப்படவில்லை.

பிள்ளையின் உடலைக் குறிவைக்கும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்டை நாடே சாட்சி. சிங்கப்பூரில் 1992இல் டிரிம் அண்ட் ஃபிட் என்ற திட்டம் பள்ளிகளில் தொடங்கியது. எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். அங்கு உடற்பருமன் விழுக்காடு குறைந்தது உண்மைதான். ஆனால், அந்தப் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான டி.ஏ.எஃப். என்பதைப் பின்னிருந்து படித்தால் குண்டு என்று பொருள் வரும். பிள்ளைகளுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 2011இல் அவர்கள் பள்ளி உணவின் பக்கம் திரும்பினார்கள். தட்டில் பழம், காய்கறி, முழுத்தானியம், புரதம் எல்லாம் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, சிற்றுண்டிச்சாலைக்காரர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அதாவது, குறிப்பிட்ட சில பிள்ளைகளைத் திருத்துவதை விட்டு, எல்லாப் பிள்ளைகளின் தட்டையும் திருத்த முற்பட்டார்கள்.

சிற்றுண்டிச்சாலைக் கணக்கு

நம் பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு விடுகிறோம். எடுத்தவர் வாடகை கட்ட வேண்டும், சமைக்க வேண்டும், தன் குடும்பத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுள் பல, நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. ஒரு சிறிய பள்ளியை எண்ணிப் பாருங்கள். எண்பது பிள்ளைகள். அறுபது பேர் ஆளுக்கு ஒன்றரை ரிங்கிட்டுக்கு வாங்கினால் ஒரு நாள் வரவு 90 ரிங்கிட். இதிலிருந்து அரிசி, எண்ணெய், எரிவாயு, உதவியாள் கூலி, வாடகை எல்லாம் போக வேண்டும். மிஞ்சிய உணவு வீணானால் அன்று நட்டம்.

இந்த நிலையில் அவர் பழம் நறுக்கி வைப்பாரா? இரண்டு மணி நேரத்தில் பழம் கறுத்துவிடும். உறைந்த கோழி உருண்டையோ மாதக்கணக்கில் இருக்கும், பொரித்தால் போதும், பிள்ளைகளும் ஓடி வந்து வாங்குவார்கள். வழிகாட்டி என்ன சொன்னாலும் இந்தக் கணக்குத்தான் உணவுப் பட்டியலைத் தீர்மானிக்கிறது. குற்றம் சமைக்கும் அக்காமேல் இல்லை. நட்டப்பட்டு நல்லது செய் என்று அவரிடம் எதிர்பார்க்கும் ஏற்பாட்டின்மேல்தான் குற்றம்.

ஆர்.எம்.டி. உணவு இதற்கு மாறானது. அங்கே உணவை விலை கொடுத்து வாங்குவது அரசாங்கம். அதனால் என்ன பரிமாற வேண்டும் என்று சொல்லும் உரிமை அதற்கு இருக்கிறது. 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தீபகற்பத்திற்கான தொகை ஒரு வேளைக்கு 2.50 ரிங்கிட்டிலிருந்து 4 ரிங்கிட்டாக உயர்ந்தது. பணம் வந்தால் பட்டியலும் மாறும் என்பதே இதிலுள்ள பாடம்.

இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கும் எண்ணம் புதிதன்று. 2019இல் அப்போதைய கல்வியமைச்சர் மஸ்லீ மாலிக், 2020 ஜனவரி முதல் ஆரம்பப்பள்ளிகளில் இலவசக் காலை உணவு என்று அறிவித்தார். 2020 தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். அறிவித்த வடிவில் அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. இனிப்புப் பானங்கள்மீது 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் அது 50 சென் ஆனது. 2025 தொடக்கத்தில் 90 சென். பிள்ளைகளைப் பருமனாக்கும் பானத்தில் வசூலாகும் பணம், பிள்ளைகளின் தட்டுக்குத் திரும்பி வருவதைவிட நியாயமான செலவு எது?

திடல் இல்லாத பிள்ளைகள்

உணவு பாதி, அசைவு மீதி. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமாவது வேர்க்க விறுவிறுக்க இயங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் பள்ளியில் உடற்கல்விக்குக் கிடைப்பதோ வாரத்தில் சில பாடவேளைகள். அதிலும் உடை மாற்றவும் வரிசையில் நிற்கவும் போக எஞ்சுவது கொஞ்சம். யு.பி.எஸ்.ஆர். நெருங்கினால் அந்தக் கொஞ்சமும் கணிதப் பயிற்சிக்குப் போய்விடும் என்பதை நம் தலைமுறை அறியும். அந்தத் தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. உடற்கல்வி விட்டுக்கொடுக்கக்கூடிய பாடம் என்ற மனப்பான்மையும் கூடவே ஒழிந்ததா?

நம் பெற்றோர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கு நடந்தார்கள், மாலையில் திடலில் காற்பந்து ஆடினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தன. திடல் கூட வரவில்லை. இன்றைய பிள்ளை வேனில் பள்ளிக்குப் போகிறது, வேனில் திரும்புகிறது, கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியோடு உட்காருகிறது. அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வரும்வரை வெளியே போகாதே என்பது கட்டளை. பாதுகாப்பு கருதிச் சொல்லும் அந்தக் கட்டளையைக் குறை கூற முடியாது.

பிறகு நான் போன இடைநிலைப்பள்ளியில் பெரிய திடல் இருந்தது. ஆனால், அதில் ஓடியவர்கள் பள்ளியைப் பிரதிநிதிப்பவர்கள் மட்டுமே. குறுக்கோட்டப் போட்டியில் முதல் பத்து இடத்தைப் பிடிப்பவர்களுக்குத்தான் பயிற்சி. மற்றவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து கைதட்டினோம். ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்பது, பல இடங்களில், ஒரு மாணவர் ஒரு பதிவேடு என்றாகிவிட்டது. ஓட வேண்டியவன் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே ஓடுபவன் மேலும் ஓடுவதுதான் நம் பள்ளி விளையாட்டு.

பெற்றோர் பொறுப்பில்லையா?

இந்தக் கேள்வி வரும். பொறுப்பு உண்டு. வீட்டில் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரைப் பள்ளி தடுக்க முடியாது. ஆனால், விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலைப் பேருந்து ஏறும் தாயால் காலைப் பசியாறல் செய்து வைக்க முடியாமல் போகலாம். இரண்டு ரிங்கிட்டைக் கையில் கொடுக்க முடியும். அந்த இரண்டு ரிங்கிட் எதை வாங்கும் என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கிறது.

பிள்ளைகள் நல்ல உணவைத் தொட மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். கொண்டைக்கடலைச் சுண்டலை வேண்டாம் என்ற பிள்ளையை நான் பார்த்ததில்லை. இட்லி, தோசை, அவித்த மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், பாசிப்பயறு எல்லாம் நம் வீட்டு உணவுகள்தாம். விலையும் அதிகமில்லை. எட்டிய தூரத்தில் இருந்தால் உண்பார்கள். இல்லாவிட்டால் இருப்பதை உண்பார்கள்.

நம் கையில் இருப்பது

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாணவர் குறைந்த பள்ளிகளில் சிற்றுண்டிச்சாலை வாடகையை நீக்குங்கள். ஈடாக நல்ல உணவைக் கட்டாயமாக்குங்கள். இரண்டாவது, எடையைத் தனியே அளந்து பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள். தேவைப்படும் பிள்ளையைச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பும் வழியையும் வையுங்கள். மூன்றாவது, நாள்தோறும் இருபது நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் இயங்கும் நேரத்தை அட்டவணையில் எழுதுங்கள். கபடிக்கும் நொண்டிக்கும் கயிறு தாண்டுவதற்கும் பெரிய திடல் தேவையில்லை.

ஆனால், அமைச்சின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பள்ளி வாரியத்திலும் நம் முன்னாள் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலைப் பட்டியலை ஒரு பொருளாக வையுங்கள். ஆண்டு விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை நன்கொடை அளிப்பவர்கள், அதோடு ஒரு குடிநீர் இயந்திரமும் வாங்கிக் கொடுங்கள்.

மாணவர்களாகிய நமக்கும் ஒரு பணி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தமிழ்ப்பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகின்றன. வழக்கமாக அங்கே காலையில் பீஹூன், பத்து மணிக்குச் சிரப்பும் கறிபாப்பும், புதிருக்குச் சரியான விடை சொன்னால் சாக்லெட். அடுத்த முகாமில் சுண்டலும் பழமும் வெறும் தண்ணீரும் வைப்போம். நாள் முழுதும் உட்கார வைத்து உரை நிகழ்த்தாமல் இரண்டு மணி நேரம் விளையாட வைப்போம். பரிசாகப் பந்தோ கயிறோ கொடுப்போம். அது அவர்கள் வீடு வரை போகும். செலவுத் திட்டம் எழுதும் பொருளாளர் இந்த ஆண்டே இதைச் செய்ய முடியும்.

மொழியைக் காக்க வேண்டும் என்று இந்த மலரின் ஒவ்வொரு பக்கமும் சொல்லும். அந்த மொழியைப் பேசப் போகும் பிள்ளைகள் இன்று ஏழு வயதிலும் எட்டு வயதிலும் ஓய்வு வேளை மணிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் நாற்பது வயதில் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்காமல் இருக்க, இன்று அவர்களுடைய தட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.