கொத்தனாருக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மழை பொய்த்தால் வாலிபர்கள் எங்கே போகிறார்கள்? சென்னைக்கும் கோவைக்கும் பஸ் ஏறுகிறார்கள். கொத்தனாராக, கம்பி கட்டுபவராக, சித்தாளாக, மாடிமேல் மாடி எழுப்புகிறார்கள். ஆகவே, கட்டட வேலையில் புகுந்துள்ள ஒரு புதிய கருவியைப் பற்றி நம் தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

அதன் பெயர் வி.ஆர். கண்ணாடி. கண்களை முழுக்க மூடும்படி தலையில் மாட்டிக்கொள்வது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். கம்ப்யூட்டரில் வரைந்த கட்டடத்துக்குள்ளேயே நிற்பதுபோல் இருக்கும். அஸ்திவாரம் தோண்டுமுன்பே மாடிப்படி ஏறலாம். உத்திரத்தில் குழாய் முட்டுகிறதா என்று பார்க்கலாம். சென்னையில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் ஒரே அறைக்குள் சேர்ந்து நின்று யோசிக்கலாம். பிளானில் இருக்கும்போதே பிழையைத் திருத்துவது சுலபம். கான்கிரீட் இறுகிய பின் திருத்தினால் இடிப்பு, நஷ்டம், ஆபத்து!

நல்ல கருவிதான். யந்திரம் என்றாலே எதிர்ப்பவர்கள் அல்ல நாம். நாம் கேட்பது இதுதான்: கண்ணாடியை மாட்டிப் பார்ப்பது யார்?

எல் அண்டு டி போன்ற பெரிய கம்பெனிகள் தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பயிற்சி தர இதைப் பயன்படுத்துகின்றன. வரவேற்கிறோம். ஆனால் பயிற்சி, பிளான் முடிவான பிறகு வருவது. பிளானைப் பரிசீலிக்கும் நேரத்திலோ, கண்ணாடி பெரும்பாலும் எஞ்சினீயருக்கும் முதலாளிக்குமே கிடைக்கிறது.

பிளான் காகிதத்தை வாசிக்கப் படிப்பு வேண்டும். இந்தக் கண்ணாடிக்குள் பார்க்கப் பள்ளிக்கூடமே போயிருக்க வேண்டாம். சாரம் கட்ட இடமிருக்கிறதா? பெல்ட் கொக்கியை எதில் மாட்டுவது? கம்பி நெருக்கத்துக்குள் கலவை இறங்குமா? சட்டி சுமக்கும் சித்தாள் எந்த வழியாக இறங்குவாள்? கொத்தனாரும் சித்தாளும் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். அதுபோலவே, புதிய ரிங் பிரேம்களுக்கு நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும். கண்மாய் மடையை எங்கே வைப்பது என்பது நீர்ப்பாய்ச்சிக்குத் தெரியும்.

இது ஆகாத காரியமல்ல. 1981-ல் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்கள், பத்திரிகை ஆபீசுக்கு வரவிருந்த கம்ப்யூட்டர் எப்படி அமைய வேண்டும் என்பதை நிபுணர்களுடன் உட்கார்ந்து பரிசீலித்தன. ‘யுடோப்பியா’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அட்டையிலும் பலகையிலும் மாதிரி செய்து, தொழிலாளர்களே வேலை செய்து பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். அட்டைப் பெட்டியால் முடிந்தது, இந்தக் கண்ணாடியால் முடியாதா?

கண்ணாடி எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் உண்மை. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். மண்ணின் வலுவையும் தூண் தாங்கும் பாரத்தையும் படம் தானாகச் சொல்லாது. அதற்கு மண் பரிசோதனையும் நேர்மையான கணக்கும் சர்க்கார் மேற்பார்வையும் வேண்டும்.

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டியும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் வேண்டும் என்று 1996-ம் வருஷத்துக் கட்டடத் தொழிலாளர் சட்டம் எழுதியது. அந்த உரிமை பிளான் மேஜைக்கும் வரட்டும். பரிசீலனையில் கொத்தனாரும் சித்தாளும் இருக்கட்டும். அந்த நேரத்துக்கும் கூலி கொடு! பேச்சு அவர்கள் பாஷையில் நடக்கட்டும். அவர்கள் சொன்னது எழுத்தில் ஏறட்டும். ஏற்க மறுத்தால், காரணமும் எழுத்தில் வரட்டும்.

சாரத்தின் மேல் நின்று உயிரைப் பணயம் வைப்பவர்கள் இவர்கள். கட்டடத்தை முதலில் பார்க்கும் உரிமையும் இவர்களுக்கு உண்டு.