கடிகாரமும் கதிரவனும்: ஒரு நாழிகை வேறுபாடு

குமுளிச் சாவடியைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குவோர் கைக்கடிகாரத்தைத் திருத்துவதில்லை. வாளையாற்றைக் கடந்து கோவைக்குச் செல்வோரும் அவ்வாறே. ஆட்சிமொழி மாறும் அவ்விடங்களில் நேரம் மாறுவதில்லை. ஆயினும், பிள்ளைகளை இலண்டனிலோ சிட்னியிலோ வைத்திருக்கும் நம் குடும்பங்களில், “போன மாதம் ஐந்தரை மணி வேறுபாடு, இந்த மாதம் நாலரை என்கிறார்களே, அஃது எப்படி?” என்னும் வினா ஆண்டுதோறும் எழுகின்றது. இத்திங்கள் அதனை ஆராய்வோம். ஆராயப் புகின், நம் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் கதிரவனோடு ஒத்து ஓடவில்லை என்பது உடன் விளங்கும்.

புவி 360 பாகை சுழல 24 மணி நேரம் ஆகின்றது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கேயுள்ள ஊருக்கு உச்சிப்பொழுது முன்னும், மேற்கேயுள்ள ஊருக்குப் பின்னும் வரும். முற்காலத்தில் ஊர்தோறும் தனித்தனி நேரம் வழங்கிற்று. இரயில் வண்டி வந்தபின் அது செல்லவில்லை. சென்னை வானாய்வுக்கூடத்தில் கோல்டிங்காம் 1802இல் கணித்த நேரம், அதாவது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய சென்னை நேரம், பின்னாளில் இரயில்களுக்குரிய நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாது பற்றி நின்றன என்பதிலிருந்து, நேரம் என்பதும் மக்கள் கூடிச் செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கையே என அறியலாம்.

இனி, நம் ஊரின் கணக்கைப் பார்ப்போம். பாலக்காடு ஏறத்தாழ 76.65 பாகையில் உள்ளது. 82½ பாகைக்கு அது 5.85 பாகை மேற்கு. நான்கால் பெருக்கினால் 23 நிமிடத்திற்குச் சற்று மேல் வரும். மூணாற்றுக்கு ஏறத்தாழ 22 நிமிடம். நம் முன்னோர் கணக்கில் நாழிகை என்பது 24 நிமிடம். எனவே நம் கடிகாரம் நம் கதிரவனைவிட ஏறக்குறைய ஒரு நாழிகை முந்தி ஓடுகின்றது. பாலக்காட்டில் கதிரவன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12.23க்கு. புவியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இது நவம்பர் தொடக்கத்தில் 12.07 ஆகவும், பிப்ரவரி நடுவில் 12.37 ஆகவும் மாறும்.

இதனால் இல்லத்தார்க்கு ஒரு பயனுண்டு. சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தின் உதய நேரத்தை இங்கு அப்படியே கொள்ளலாகாது. சென்னையில் உதித்து ஏறத்தாழ 14, 15 நிமிடம் கழித்தே பாலக்காட்டில் ஞாயிறு உதிக்கும். ஆனி மாதத்தில் இவ்வேறுபாடு சில நிமிடம் மிகும். மார்கழியில் சில நிமிடம் குறையும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணி நல்ல வேளை பார்ப்போர், தம் ஊருக்குரிய உதயத்தையே கொள்ளுதல் முறை.

பகலொளி சேமிப்பு நேரம் என்பது என்ன? இலண்டனில் ஜூன் மாதத்துப் பகல் பதினாறரை மணிக்கு மேல் நீளும். டிசம்பரில் எட்டு மணிக்கும் குறையும். கோடையில் மக்கள் உறங்கும்போதே விடிந்துவிடுவதால், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, வீணாகும் காலையொளியை மாலைக்கு மாற்றுகின்றனர். மார்ச்சின் கடைசி ஞாயிறு முதல் அக்டோபரின் கடைசி ஞாயிறு வரை அந்நாடு நமக்கு நாலரை மணி பின்தங்கியும், மற்ற மாதங்களில் ஐந்தரை மணி பின்தங்கியும் இருக்கும். டொரான்டோவில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி, பிறகு பத்தரை. சிட்னியும் மெல்போர்னும் நமக்கு முந்தியவை. அங்குக் கோடை எதிர்மாறானது. ஆதலின் அக்டோபரின் முதல் ஞாயிறு முதல் ஏப்ரலின் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி, மற்றப்படி நாலரை மணி. துபாய் ஒன்றரை மணி பின்; சவுதி, குவைத், கத்தார் இரண்டரை மணி பின்; சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி முன். இவற்றில் மாற்றம் இல்லை.

நமக்கு இம்முறை ஏன் இல்லை? பாலக்காட்டில் மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடம். சேமிப்பதற்குரிய மிகை ஒளி இங்கில்லை. ஆயினும் போர்க்காலத்தில் 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டிருந்தன. அன்று சென்னை மாகாணத்து மலபாரில் இருந்த பாலக்காட்டில், ஜனவரிக் கடைசியில் ஞாயிறு உதித்தது கடிகாரப்படி ஏழே முக்கால் மணிக்கு!

இலங்கையின் அனுபவம் இன்னும் அண்மையது. மின்பற்றாக்குறையால் 1996 மே மாதம் அங்கு ஒரு மணி முன்னே தள்ளினர். அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி குறைத்தனர். வடக்கே புலிகளின் ஆட்சிப் பகுதியில் பழைய நேரமே நிலவியது. ஒரு தீவில் இரு நேரம் நடந்தது. பிள்ளைகள் இருளில் பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருந்தது பெற்றோரின் பெருங்குறை. 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்கே திரும்பினர்.

இவ்வரலாறு நமக்கும் உரியதே. இந்திய நேரத்தை நிலையாக அரைமணி முன்னே நகர்த்தினால் மாலை மின்செலவு குறையும் எனப் பெங்களூரிலுள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் 2007இல் எடுத்துரைத்தனர். வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டுமெனத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் 2018இல் எழுதினர். அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. அஸ்ஸாமின் திப்ருகரில் கதிரவன் கடிகாரத்தைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முந்துகின்றான். அங்குள்ள தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாக ஒரு மணி முந்திய ‘பாகான் நேரம்’ வைத்துக்கொண்டது அதனாலேயே. மின்சேமிப்பும் சிறிதன்று, மாலை விளக்குகளுக்கு ஒளியூட்டுவதில் மூலமற்றத்தின் 780 மெகாவாட் நிலையத்திற்கும் பங்குண்டு, அங்குச் சுழல்வது இடுக்கி நீரே.

ஆனால் நாமோ முன்னமே ஒரு நாழிகை தள்ளப்பட்டவர்கள். மேலும் அரைமணி தள்ளினால் வேறுபாடு 53 நிமிடம் ஆகும்; ஜனவரிக் கடைசியில் விடியல் 7.15க்கும் பின்னாகும். மலையும் மூடுபனியும் மறைக்கும் பள்ளத்தாக்குகளில் வெளிச்சம் அதனினும் தாழ்ந்தே வரும். கொழுந்து எடுக்கச் செல்லும் நம் தாய்மார், மஸ்டருக்கு முன் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து புறப்படுபவர்கள். மூணாறு, சின்னக்கானல் வழிகளில் விடியலுக்கு முன் யானை நிற்பதும் நாம் அறியாததன்று. நகரத்தார்க்கு மாலையில் மிஞ்சும் ஒளிக்கு, இவர்கள் காலையில் விலை கொடுக்க வேண்டியதாகும்.

ஆகவே நேரமாற்றப் பேச்சு மீண்டும் எழுமாயின், நம் சங்கங்கள் வாளாவிருத்தல் கூடாது. கடிகாரம் எங்கே நிற்பினும், தோட்டத்து மஸ்டரும் பள்ளி மணியும் அவ்வூர் விடியலுக்கு ஏற்ப அமைய வேண்டும் என எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். அஸ்ஸாம் தோட்டத்தார் தம் கதிரவனுக்கேற்ப வேலை நேரம் வகுத்துக்கொண்டனர் எனில், இடுக்கித் தோட்டத்தாரும் அதனைக் கேட்கும் உரிமை உடையவரே.