ஒரே நாளில் ஏழு ஏரி: ஒரு பகல் கொள்ளை

காலண்டரில் சனி ஞாயிறோட ஒரு வெள்ளியோ திங்களோ சிவப்பா ஒட்டிக்கிட்டு வந்தா போதும், நொய்டா, குர்காவ் பக்கம் பொட்டி தட்டுற நம்ம மக்களுக்கு நைனிதால் வியாதி வந்துடும். உடனே ஒரு எக்ஸெல் ஷீட் தயாராகும். வெள்ளி ராத்திரி 11 மணிக்குக் கிளம்பறோம், காலையில நைனிதால், 9 மணிக்கு பீம்தால், 10:15 நௌகுசியாதால், 11:30 சாத்தால், மதியம் குர்பாதால், சாயங்காலம் திரும்பி வந்து நைனி ஏரியில போட்டிங், ராத்திரி மால் ரோடு ஷாப்பிங், ஞாயிறு காலையில ரிட்டர்ன். ஏழு ஏரி கவர் பண்ணியாச்சாம்! இந்த 'கவர் பண்றது'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏரி என்ன செமஸ்டர் போர்ஷனா, பரீட்சைக்கு முந்தின நாள் கவர் பண்ண?

பத்து வருஷத்துக்கு மேல நொய்டாவுல குப்பை கொட்டுறேன். குமாவுன் மலைப்பக்கம் நான் அடிக்கடி போறவன்னு தெரிஞ்சு, வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது இந்த ஷீட்டை அனுப்பி "ஒரு லுக் விடுங்க பாஸ்"ங்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா திட்ட முடியல, அதான் மொத்தமா இங்க.

முதல்ல கணக்கு. நைனிதால் டாக்ஸி ஸ்டாண்டுல 'லேக் டூர்'னு ஒன்னு விக்கிறாங்க. நைனிதால்ல இருந்து பவாலி 11 கிலோமீட்டர். அங்கிருந்து சாத்தால், அப்புறம் பீம்தால், அதுக்கப்புறம் நாலஞ்சு கிலோமீட்டர்ல நௌகுசியாதால், திரும்ப நைனிதால். எல்லாம் சேர்த்து ஒரு 60 கிலோமீட்டருக்கு மேல வரும். மலை ரோடு, வளைவுக்கு வளைவு ஹாரன். காலி ரோடாவே இருந்தாலும் ரெண்டரை மணி நேரம் சீட்டுலதான். லாங் வீக்கெண்டுன்னா பவாலி முக்குலயே ஒரு மணி நேரம் போயிடும். அங்கிருந்துதான் கைஞ்சி தாம் ஆசிரமத்துக்கு ரோடு பிரியுது. டூர்ல மிச்சம் இருக்கிற நேரத்தை ஏரிகளுக்குப் பங்கு போட்டா தலைக்கு இருபது நிமிஷம். அதுல பார்க்கிங் தேட பத்து, மேகி சாப்பிட பத்து. ஏரி எங்கய்யா?

ஒரு தடவை ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்களுக்காக நானும் ஒரு லேக் டூர் டாக்ஸியில போனேன். கருட் தால் வந்தப்ப டிரைவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. மேல ரோட்டுல இருந்தே கண்ணாடி வழியா கையைக் காட்டி, "தேக் லியா?"ன்னு கேட்டுட்டு கியரை மாத்தினார். எங்க சித்தப்பா பாவம், எதிர்ப்பக்க ஜன்னல்ல பாறையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அவர் கணக்குல அது ஒரு ஏரி!

இந்த 'ஏழு'லயே ஒரு தில்லாலங்கடி இருக்கு. சாத்தால்னாலே ஏழு ஏரின்னுதான் அர்த்தம். ராமன், லட்சுமணன், சீதை பேர்ல மூணு, கருட் தால், நள தமயந்தி தால்... ஒன்னு எப்பவோ வத்தியும் போச்சு. ஓக்கும் பைனும் அடர்ந்த அந்தக் காட்டுக்குள்ள ஒரு முழு நாள் நடந்தாதான் இந்த ஒரு இடமே முடியும். பறவை பார்க்கிறவங்க குளிர்காலத்துல ஒரே ஓடைக்கரையில காலையில இருந்து மதியம் வரைக்கும் அசையாம உட்கார்ந்திருப்பாங்க. சிரிப்பான் கூட்டம் கெக்கெக்கேன்னு மரத்துக்கு மரம் தாவுறதைப் பார்க்க இருபது நிமிஷம் பத்தாது. நௌகுசியாதாலுக்கு ஒன்பது மூலை. ஒன்பதையும் ஒரே பார்வையில பார்த்தவனுக்கு முக்தின்னு ஊர்ல ஒரு நம்பிக்கை. நம்மாளு பார்த்துட்டு வர்றது பார்க்கிங் ரசீதை மட்டும்.

சரி, என் காசு, என் லீவு, உனக்கென்னங்கிறீங்களா? உங்க காசும் லீவும் மட்டும்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நைனி ஏரி அந்த ஊரோட குடிதண்ணிப் பானை. ஏரியில இருந்தும் அதோட கரையோரக் குழாய்க் கிணறுகள்ல இருந்தும்தான் ஊருக்கே தண்ணி. நீங்க ஹோட்டல்ல கீசர் போட்டுக் குளிக்கிற பக்கெட் தண்ணியும் அதேதான். 2017 கோடையில அந்த ஏரி எப்படிக் கிடந்துச்சுன்னு படத்தைத் தேடிப் பாருங்க. ஓரமெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு, மண் திட்டு வெளிய தெரிஞ்சு, ஊர்க்காரங்களுக்குத் தண்ணி விடுறதையே குறைச்சாங்க. ஏரிக்கு மேல சூக்காதால்னு ஒரு பள்ளம் இருக்கு. மழைக்காலத்துல மட்டும் நிறையும், அந்தத் தண்ணி பூமிக்குள்ள இறங்கி கீழ நைனி ஏரிக்கு ஊறும். மத்த நாள்ல காய்ஞ்ச தரையாத் தெரியறதால அதை யாரும் ஏரியாவே மதிக்கலை. கட்டிடம் வந்துச்சு, அப்புறம் அழகுபடுத்துறோம்னு ஒரு திட்டமும் வந்துச்சு. 2022-ல உத்தராகண்ட் ஹைகோர்ட் தலையிட்டுத்தான் வேலையை நிறுத்தி வச்சது.

அந்த மலை ரொம்ப பாரம் தாங்காது. 1880 செப்டம்பர் 18-ம் தேதி மழையில சரிவு சரிஞ்சு 151 பேர் செத்தாங்க. அப்ப வந்து விழுந்த மண்ணும் சேர்ந்துதான் இன்னைக்கு இருக்கிற ஃபிளாட்ஸ் மைதானம். அதுல ஒரு பக்கம் இப்ப என்ன இருக்கு தெரியுமா? கார் பார்க்கிங்! சீசன்ல அது நிரம்பினதும் போலீஸ் கீழயே ரூசி பைபாஸ்ல வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஷட்டில்ல ஏத்துறாங்க. உடனே நம்ம ஆளு "ஹோட்டல் புக்கிங் இருக்குங்க, என்ன அராஜகம்!"னு குதிக்கிறார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல சென்னை ஹைகோர்ட் உத்தரவால இ-பாஸ் வந்தப்பவும் இதே ஆளுங்க இதே டயலாக்தான் பேசினாங்க. டெல்லியில கார் ஓட்ட ஒற்றைப்படை இரட்டைப்படைன்னு சொன்னப்ப மட்டும் 'சமூகப் பொறுப்பு'ன்னு ஸ்டேட்டஸ் போட்டவங்க இவங்க!

2024 ஏப்ரல்ல நைனிதால் பக்கம் காடு பத்தி எரிஞ்சது. விமானப்படை ஹெலிகாப்டர் ஒரு பெரிய பக்கெட்டைத் தொங்கவிட்டு பீம்தால் ஏரியில தண்ணி மொண்டு மொண்டு கொண்டுபோய் ஊத்துச்சு. 1883-ல அணை கட்டி வச்ச ஏரி, காட்டைக் காப்பாத்த உதவுச்சு. பாஞ்ச்னு அவங்க சொல்ற ஓக் மரம் இருக்கிற காட்டுல சருகு மக்கி, மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சு, சுனையா விடும். பைன் ஊசி சட்டுனு தீப்பிடிக்கும். காடு போனா சுனை போகும், சுனை போனா ஏரி போகும். நம்ம எக்ஸெல்ல இதுக்கு ஒரு காலம் கூட கிடையாது.

"எல்லாரும் இப்படியே பேசினா டாக்ஸிக்காரன் பொழப்பு?"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனா இருபது நிமிஷம் நின்னுட்டுப் போற கும்பல் அந்தக் கிராமத்துக்கு என்ன குடுக்குது? மேகிக்கு அறுபது ரூபாயும் ரெண்டு காலி பாட்டிலும். ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி தங்குறவன் வாடகை குடுக்கிறான், மூணு வேளை பட் தால் சாப்பிடுறான், காலையில இறக்கிவிட்டு சாயங்காலம் ஏத்திக்கச் சொல்லி டாக்ஸிக்கும் காசு குடுக்கிறான். டிரைவருக்கும் பவாலி ஜாம்ல இடுப்பொடியற வேலை மிச்சம்.

லீவே ரெண்டு நாள்தான்னா, ஒரே ஏரி. அவ்வளவுதான். எந்த ஏரின்னு கேட்டா நான் பீம்தால்ல தங்கச் சொல்லுவேன். நைனி ஏரியை விடப் பெருசு, கூட்டம் பாதி கூட இருக்காது. ராத்திரி பழைய டெல்லியில ராணிக்கேத் எக்ஸ்பிரஸ் ஏறினா விடியறப்ப காத்கோதாம். வெளிய வந்தா ஷேர் ஜீப், பீம்தால் சுமார் 20 கிலோமீட்டர். 300 கிலோமீட்டர் ராத்திரி பூரா கார் ஓட்டி, ஏரிக்கரையில தூங்கி வழியற வேலையே இல்லை. அன்னைக்கு சாயங்காலம் நடந்தே நௌகுசியாதால் போயிட்டு வரலாம். மறுநாள் பூரா சாத்தாலுக்கு. வீட்டம்மாவும் பசங்களும் முதல் ஒரு மணி நேரம் "இங்க என்ன இருக்கு?"ன்னு கேப்பாங்க, நீங்க பதில் சொல்லாம உட்கார்ந்துடுங்க. என் பையன் ஒரு மரங்கொத்தியைப் பிடிச்சுக்கிட்டு அரைநாள் நகரலை, செல்போன் பைக்குள்ளயே கிடந்தது. மே மாசம்னா ரோட்டோரத்துல காஃபல் பழம் விப்பாங்க, உப்பு தூவி வாங்கிக்குங்க.

நைனிதால் பார்க்காம எப்படின்னு அடம் பிடிச்சா, பஸ்ல போங்க. கார் கூடாது.

ரயில் டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகுது. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு எப்படியும் வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டும். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் பாருங்க. மேனேஜர்கிட்ட லீவு கேக்குறதுதான் இந்த ட்ரிப்லயே செங்குத்தான ஏத்தம் :-)