மலை யாருக்குச் சொந்தம்?

ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போவது காசுள்ளவன் பொழுதுபோக்கு என்று தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். நாம் சிரிக்க மாட்டோம்.

1932-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர்: பஞ்சாலைகளுக்குப் பேர்போன நகரம். நெருக்கியடித்த வீட்டு வரிசைகள், புகைபோக்கிகள், சுவரெல்லாம் கரி. வாரம் முழுதும் புகை குடித்த தொழிலாளிக்கு மூச்சு விட ஞாயிறு ஒன்றுதான். அருகிலேயே கிண்டர் ஸ்கவுட் மலை. ஆனால் அங்கே காவற்காரன் தடியோடு நிற்பான். ஏன்? வருஷத்தில் சில நாள் சீமான்கள் காட்டுக்கோழி சுட வேண்டுமாம்!

ஏப்ரல் 24, ஞாயிறன்று சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன், 20 வயது இளம் கம்யூனிஸ்ட். போலீஸ் ரயில் நிலையத்தில் காத்திருக்கும் என்று சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்! காவற்காரர்களோடு கைகலப்பு. ஐந்து வாலிபர்களுக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. அத்துமீறி நடப்பது அந்நாட்டில் கிரிமினல் குற்றமல்ல; ஆகவே கலகம் என்று வழக்கு ஜோடித்தார்கள்.

எட்டு மணி நேர வேலை கேட்ட வர்க்கம், மிச்ச நேரத்துக்கு மண்ணும் காற்றும் கேட்டால் அது கலகமா?

1951-ல் அந்த வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. நடக்கும் உரிமைச் சட்டமோ 2000-ல்தான் வந்தது. அதுவும் இங்கிலாந்து நிலத்தில் சுமார் 100-க்கு 8 பங்குக்கே. 2002 ஏப்ரலில், அன்றைய மலைச் சொந்தக்காரப் பிரபுவின் பேரன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அவ்வருஷம் ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.