பானெட்டில் ஒரு மீன்

எதிர்வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. மாசி மாதத்தில் ஒரு காலை, என் காரின் பானெட்டில் விரலால் ஒரு மீன் வரைந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். கார் கறுப்பு. ஆனால் அன்றைக்கு அது விபூதி பூசிய நெற்றி மாதிரி வெளுத்துக் கிடந்தது. துடுப்பு, செதில், கண் ஒன்றையும் அவன் விடவில்லை. அப்பா கடலுக்குப் போகிறவர், மீன் தப்பாக வராது. எனக்குக் கோபமும் வரவில்லை. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன், மீன் போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் சாய்ந்து விழுந்தபோது அதே மீன் அதே இடத்தில் வந்து நின்றது. இந்த முறை தண்ணீருக்குப் போகவில்லை.

"சாம்பல் ஊருல கறுப்பு வண்டி வேணாம்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் மனைவி. கேட்கவில்லைதான். முப்பத்தொரு வருடம் லாரி கம்பெனி ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாக எத்தனை வண்டிகள் என் கண்முன்னே போயிருக்கின்றன! ஓய்வுபெற்ற பிறகு எனக்கென்று ஒன்று வாங்கினால் கறுப்புதான் என்று மனதுக்குள் ஓர் ஆசை. செகண்ட் ஹாண்டில் கிடைத்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. எண்ணூரில் எங்கள் கத்திவாக்கத்துக்கு அது வந்த மூன்றாவது மாதமே அந்த முகத்தில் மெல்லிய கீறல்கள் சிலந்தி வலை கட்டின.

பெயிண்ட் ஷாப்காரனுக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். காரின் மேல் இருப்பது ஒரே பெயிண்ட் இல்லை. தகட்டின் மேல் துரு பிடிக்காமல் காக்கும் ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தால் நூறு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. நம் தலைமுடி ஒன்றையோ இரண்டையோ படுக்கவைத்த உயரம். பளபளப்பு முழுக்க மேலே இருக்கும் நாற்பது மைக்ரான் கிளியரில்தான். அது ஒருவகை பிளாஸ்டிக். நிலக்கரிச் சாம்பலோ சிலிக்காவும் அலுமினாவும் உருகி இறுகிய கண்ணாடித் தூள். கண்ணாடித் தூளைப் பரப்பி பிளாஸ்டிக் மேல் விரலை இழுத்தால் என்ன ஆகும்? மீன் ஆகும். வெள்ளைக் காரிலும் இதே கீறல் விழும். வெள்ளைமேல் வெள்ளைக் கீறல் யார் கண்ணுக்குத் தெரிகிறது? கறுப்பு மட்டும் எதையும் மறைக்காது.

திருவொற்றியூர்த் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழக்கமான டிங்கர் கடை இருக்கிறது. மேஸ்திரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பானெட்டைச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாண்ணே, காலைல காஞ்ச துணியால தொடைக்கிறியா?"

"ஆமா."

"நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கினு கீற. மொதல்ல தண்ணிய ஊத்து. தூசி தானா எறங்கட்டும். அப்பால கை வை."

முப்பத்தொரு வருடத்தை அவர் ஒரு வரியில் காலி செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவன்தான் நான். மற்ற நாட்களில் அவசரத்துக்குத் துணி. என்ன செய்யலாம் என்று கேட்டேன். ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெஷின் பாலிஷ் அடித்தால் வலை போய்விடும், மீனும் பெரும்பாலும் போய்விடும், ஆனால் மீனின் முதுகுக்கோடு ஆழம் என்றார். பானெட் மட்டும் பெயிண்ட் என்றால் 4,500 ரூபாய். முழு வண்டிக்கு 35,000. சொல்லிவிட்டு அவரே சேர்த்துக்கொண்டார்: "அடிச்சாலும் ஆறு மாசம்ணே. இங்க அடிக்கிற காத்துக்கு எந்தக் கறுப்பு நிக்கும்?"

பாலிஷ் என்பது கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கீறலைச் சுற்றியுள்ள நல்ல கிளியரையும் கீறலின் ஆழத்துக்கு இறக்குவதுதான் பாலிஷ். ஒரு தடவை காம்பவுண்ட் போட்டால் இரண்டு மூன்று மைக்ரான் போகும். வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால், சில வருடங்களில் வெயிலைத் தாங்கப் போதுமான கிளியர் மிஞ்சாது. கூரையில் வெள்ளை வெள்ளையாக உரிய ஆரம்பிக்கும். பழைய வாடகைக் கார்களில் பார்த்திருப்பீர்கள்.

பெயிண்ட் அடிப்பதோ இன்னும் கஷ்டம். மேஸ்திரியின் கடையில் தூசி புகாத ஸ்பிரே பூத் கிடையாது. தகரக் கூரை, மூன்று பக்கம் சாக்கு. ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார். காற்று விழுந்திருக்கும் விடியற்காலையில்தான் கிளியர் அடிப்பார். அப்படியும் ஈரம் காய்வதற்குள் மணல்மணலாக ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். மறுநாள் இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தெடுக்க வேண்டும். அவர் முகத்தில் கட்டியிருப்பது கைக்குட்டை. இரண்டு டப்பா கலக்கும் இந்தப் பெயிண்டில் ஹார்டனராக வருவது ஐசோசயனேட். அதன் புகை மூச்சுக்குழலில் ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது என்று நான் சொன்னால் சிரிக்கிறார். என் வண்டியின் அழகுக்கு அவர் நுரையீரலிலிருந்து ஒரு பங்கு போகிறது என்று தெரிந்த பிறகு 35,000 ரூபாய் அதிகமாகத் தெரியவில்லை. வேலையைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

எங்கள் பெயிண்ட் ஷாப்பில் பூத் இருந்தது. உள்ளே போகும் காற்றை வடிகட்டித்தான் விடுவோம். நூல் உதிராத உடை, தலைக்கு உறை, தகட்டைத் துடைக்கப் பிசுபிசுப்பான தனித்துணி. ஒரு தூசி விழுந்தால் சூப்பர்வைசர் கத்துவார். ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது பல்லில் நறநறவென்று கடிபடும். அந்த அறைக்குள் தகடு வாங்கிய காற்றை எண்ணூரில் எந்தக் குழந்தையும் வாங்கியதில்லை. அந்த வயதில் இது எனக்கு உறைக்கவில்லை. மீனைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? நேர்மையாகச் சொன்னால், என் பானெட்டில் கிடப்பது எந்தப் புகைபோக்கியின் சாம்பல், எந்தக் கிடங்கின் கரி, எந்த கன்டெய்னர் லாரி கிளப்பிய மண் என்று யாரும் பெயர் எழுதிவைக்கவில்லை. கடல் உப்பும் உண்டு. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட்டில் புதியது கட்டுகிறார்கள். கொசஸ்தலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. அதன் சாம்பல் அந்த ஆற்றிலும் உப்பங்கழியிலும் படிந்ததைப் பற்றி 2022-ல் பசுமைத் தீர்ப்பாயமே தீர்ப்புச் சொன்னது. 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். நியாயமான பெருமூச்சு. ஆனால் அந்த நிலக்கரி மாயமாகிவிடவில்லை. வடக்கே நகர்ந்தது, அதில் ஒரு பங்கு எங்கள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது. ஒரு வீட்டுக் குப்பையைக் கூட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளினால் அதற்குப் பெயர் சுத்தமா?

அதே எண்ணூர்த் துறைமுகத்திலிருந்துதான் 2010 முதல் கார்களும் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகின்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லரில் போகும் புதுக் கார்களைப் பார்ப்பேன். பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஓரிரு வாரம் வெட்டவெளியில் நிற்கப்போகும் காருக்கு அந்தக் கவசம். செய்ய வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதே ரோட்டோரம் கொடியில் காயும் பள்ளிச் சீருடைக்கு மேல் எதை ஒட்டுவது?

கார்ப் பூச்சின் மேல் இருக்கும் அக்கறைக்கு இன்னோர் உதாரணம்: அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் என்று ஒரு துறைமுக நகரம். வெயிலும் ஈரமும் அமில மழையும் சேர்ந்து கார் பெயிண்டை அரித்துத் தின்பதற்குப் பேர்போன ஊர். பெயிண்ட் கம்பெனிகள் கோடைக்காலத்தில் தகடுகளை அங்கே திறந்த வெளியில் வைத்து, எவ்வளவு அரித்திருக்கிறது என்று பார்க்கின்றன. அந்தத் தகடுகள் கறுப்பு. அதிகம் சூடாவதும் காயத்தை மறைக்காமல் காட்டுவதும் அதுதான் என்பதால். ஒரு தொழில் தன் சரக்கைக் காப்பாற்ற நினைத்தால் காற்று செய்யும் சேதத்தை எவ்வளவு கவனமாக அளக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

இங்கே நமக்கு அளக்கிறவர்கள் எதை அளக்கிறார்கள்? 2009-ல் வகுத்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் பன்னிரண்டு பொருள்கள் உண்டு. பத்து மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்தூசி உண்டு, இரண்டரை மைக்ரானுக்குக் கீழே உள்ளதும் உண்டு. நுரையீரலுக்குள் போவது அவைதான் என்பதால் அவற்றை அளப்பது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடக் கனமாகக் கீழே விழுந்து படிகிறதே, அது அந்தப் பன்னிரண்டில் இல்லை. என் பானெட், அடுத்த வீட்டுக் கொடித்துணி, மீன் காயப்போடும் தார்ப்பாய், பிள்ளைகளின் சோற்றுத் தட்டு ஆகியவற்றில் விழுவது கணக்கிலேயே வராது. காற்றுக் கருவி "பரவாயில்லை" என்று காட்டுகிற நாளிலும் என் கார் வெளுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விழும் தூசியை ஜாடியில் பிடித்து எடைபோடும் முறை இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. பெரிய விஞ்ஞானம் இல்லை. ஜாடி, ஒரு மாதம், தராசு.

2021 டிசம்பர் 31-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சாம்பலுக்கு ஓர் அறிவிக்கை போட்டது. பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு அனல்மின் நிலையம் டன்னுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். என் பானெட்டில் விழுந்ததும் யாரும் பயன்படுத்தாத சாம்பல்தானே என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராமுக்குப் பத்தில் ஒரு பங்கு பைசா வருகிறது. மேஸ்திரி கேட்ட 4,500 ரூபாய் தேற வேண்டுமென்றால் நாலரை டன் சாம்பல் என் பானெட்டின் மேல் விழ வேண்டும். கார் தாங்காது.

பூச்சு கெட்டதற்கு இந்த ஊரில் யாருக்கும் காசே வந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து காட்டுக்குப்பம் மீனவர்களின் படகுகளிலெல்லாம் தார்போலப் பிடித்துக்கொண்டபோது, படகைச் சரிசெய்யப் படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வலையும் மீனும் போனதற்கு அது எந்த மூலை என்பது வேறு விஷயம். எண்ணெய் ஒரே ராத்திரியில் வந்தது, கேமரா வந்தது, அமைச்சர் வந்தார். சாம்பல் தினமும் ஒரு சிட்டிகையாக வருகிறது. அதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இது தியாகம் ஒன்றுமில்லை, கணக்கு. காற்று மாறாத ஊரில் பூச்சை மாற்றுவது ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைப்பது. நான் கேட்பது சின்னதாக மூன்று. கரியும் சாம்பலும் ஏற்றும் லாரிக்குத் தார்ப்பாயை ஏனோதானோ என்று போடாமல் ஓரம்வரை இழுத்துக் கட்டவையுங்கள். கிடங்கை விட்டு வெளியே வரும்போது டயரைக் கழுவி அனுப்புங்கள். கத்திவாக்கம் முதல் எர்ணாவூர் வரை ஒவ்வொரு அரசுப் பள்ளி மாடியிலும் தூசி ஜாடி ஒன்று வையுங்கள். பக்கத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்த ஒரு தகடும் வையுங்கள். தகட்டை நான் இலவசமாக அடித்துத் தருகிறேன், மேஸ்திரியும் வருவார். மாதம் ஒரு முறை எடையைப் பள்ளி வாசல் கரும்பலகையில் எழுதினால் போதும். பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள்.

எண்ணூரில் இனியும் புதுத் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடக்கும். பந்தலும் ஏர்கூலரும் போட்டுக் காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பார்கள். வரும் அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம்: முந்தின நாள் சாயங்காலமே வாருங்கள். கறுப்பு வண்டியில் வாருங்கள். உறை போடாமல் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி நிறுத்திவையுங்கள். விடிந்ததும் உங்கள் டிரைவர் துணியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். அவரிடம் சொல்லிவையுங்கள், முதலில் தண்ணீர் ஊற்றச் சொல்லி.