கிராம விவசாயப் போதனையும் பழையகோட்டை மந்தையும்

விவசாயத்தைப் போதிப்பவன் தானும் பண்ணையம் செய்பவனாக இருத்தல் வேண்டுமா என்னும் கேள்வி பழமையானது. கோயமுத்தூரில் 1909-ஆம் ஆண்டில் விவசாயக் கல்லூரி திறக்கப்பட்டது. அது 1971-ஆம் ஆண்டில் சர்வகலாசாலையாயிற்று. அங்கே கற்றவர்கள் கிராமங்களுக்கு வந்து விதையையும் உரத்தையும் பற்றிச் சொல்வதைக் குடியானவர்கள் பரீட்சித்துப் பார்ப்பது எளிது. ஒரு போகத்தில் விடை கிடைத்துவிடும். மாட்டு விஷயம் அப்படியன்று. இன்று சேர்க்கும் பொலிகாளையின் குணத்தை அறிய, அதற்குப் பிறந்த கிடேரி வளர்ந்து கன்று ஈன வேண்டும். அதற்கு நாலைந்து வருஷமாகும். அத்தனை காலமும் ஒரே ஊரில் மந்தையோடு இருந்து கவனிப்பவனே மாடு வளர்ப்பைப் போதிக்கத் தகுந்தவன்.

இதற்குக் கொங்கு நாட்டிலேயே சிறந்த திருஷ்டாந்தம் உண்டு. முன்பு கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்து, 2009 முதல் திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த காங்கயம் பகுதியில் உள்ளது பழையகோட்டை. அவ்வூர்ப் பட்டக்காரராயிருந்த நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார், காங்கயம் ஜாதி மாடுகளை அபிவிருத்தி செய்தவரென்று கால்நடை நூல்களில் போற்றப்படுகிறார். அப்புகழை அவருக்குத் தேடித் தந்தது பிரசங்கமன்று, அவருடைய மந்தையே. நல்ல காளையைத் தெரிந்தெடுத்துப் பொலிக்கு வைத்து, வழியறிந்த பசுக்களோடு சேர்ப்பதே அம்முறையின் சாரம்.

தெரிந்தெடுக்கும் கண் ஏட்டைப் படித்து வருவதன்று. காங்கயம் கன்று பிறக்கும்போது சிவந்திருக்கும். ஆறாம் மாதமளவில் அந்நிறம் மாறி மயிலையாகும். பொலிகாளைக்குத் திமிலும் முன் சப்பையும் பின் சப்பையும் கறுத்துவரும். எருது மயிலையாகவே நிற்கும். கன்றின் நிறத்தைக் கண்டு ஏமாறாமல் தாயையும் தகப்பனையும் நினைவில் வைத்து மதிப்பிடுவது, கட்டுத்தறியிலே பல வருஷம் பழகியவனுக்கே கைவரும்.

மந்தைக்கு ஆதாரம் கொறங்காடு. மழை குறைந்த இச்சீமையில் கிணற்றுத் தண்ணீர் எட்டாத காட்டைப் பெரியோர் வீணென்று விட்டுவிடவில்லை. சுற்றிலும் கிளுவை வேலி வைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிறுத்தினார்கள். வேலி உயிருள்ளதாகையால் ஆண்டுதோறும் முள் வெட்டிப்போடும் செலவில்லை. மரம் நிழலும் தந்து, உதிரும் காயால் தீனியும் தருகிறது. காட்டைப் பல பாகமாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் தழைக்க அவகாசம் கிடைக்கிறது. முதலில் மாடும் பின்பு செம்மறியும் மேய்வதால் புல் வீணாவதில்லை. சாணமும் புழுக்கையும் நிலத்திலேயே தங்குகின்றன. நிலத்தையும் மரத்தையும் கால்நடையையும் ஒருங்கே நடத்தும் இம்முறை விவசாயப் போதனைக்கு மிகச் சிறந்த பாடமாகும்.

இனி எதிர்வாதத்தையும் மறைத்தல் கூடாது. கவலை இறைக்க எருது வேண்டியிருந்த காலம் போயிற்று. 1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் தொடங்கியபின் கிணறுகளில் மோட்டார் பம்பு படிப்படியாகப் பரவிற்று; உழவையும் பாரத்தையும் டிராக்டரும் லாரியும் ஏற்றுக்கொண்டன. பாலுக்கென்றால், காங்கயம் பசு ஓர் ஈற்றுக்குச் சராசரி சுமார் 540 கிலோவே கறக்கும். ஜெர்சிக் கலப்புப் பசு அதனினும் பன்மடங்கு கறக்கும். 1970-ஆம் ஆண்டில் தேசியப் பால்பெருக்குத் திட்டம் தொடங்கிய பிறகு குடியானவர் கலப்பினத்தை நாடியதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. பால் விற்றுக் குடும்பம் நடத்துபவர், நாட்டுப் பசுவை மட்டுமே வைத்திருக்க வேண்டுமென்று உபதேசிப்பது அநியாயம்.

ஆனால் ஊரில் ஒருவரும் நாட்டுமாட்டை வையாதிருப்பது வேறு விஷயம். வறட்சி வரும்போது தட்டையும் காய்ந்த புல்லையும் தின்று வெயிலில் நிற்கும் திறம், பல தலைமுறை தெரிந்தெடுத்து வந்த இரத்தத்தில் உள்ளது. அதைக் காப்பது காளையே. பசுக்கள் பல இருந்தும் நல்ல காளை இல்லையேல் வழி கெட்டுவிடும். 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் காளைகளுக்காகத் தமிழ்நாடெங்கும் ஜனங்கள் திரண்டார்கள். அதன் பயனாக வந்த சட்டத்தை 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் ஏற்றது. சட்டம் காளைக்கு வாடிவாசலைத் திறக்கும், தீனி போடாது. வருஷம் முழுவதும் தீனி போடுபவர் இல்லையேல் அவ்வெற்றியால் காங்கயம் ஜாதிக்குப் பிரயோஜனம் சொற்பமே.

ஆகையால் ஊரார் செய்யவேண்டியவை சில. நாலைந்து கிராமங்கள் கூடித் தரமான பொலிகாளை ஒன்றை வைத்தல் வேண்டும். பசு வைத்திருக்கும் ஒவ்வொரு குடியும் அறுவடையில் சில கட்டுச் சோளத்தட்டு கொடுத்தால் செலவு ஒருவர் தலையில் விழாது. அக்காளையின் கிடேரிகள் பருவத்துக்கு வருமுன், அதாவது மூன்று வருஷத்தில், அதை வேறு ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். தரமற்ற காளைக்கன்றுகளை உரிய வயதில் காயடித்துவிடுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் முன்னின்று நடத்துவது? விவசாயப் பாடம் நடக்கும் மேல்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர்களே அதற்கு உரியவர்கள். அவ்வாசிரியர் உள்ளூரில் குடியிருந்து, தம் சொந்தக் கட்டுத்தறியில் இரண்டு பசுவாவது வைத்திருப்பாராயின், காலையில் தாம் தீனி வைத்த அனுபவத்தையே பிற்பகலில் பாடமாகச் சொல்லலாம். எந்தப் பசு எந்தக் காளைக்குச் சினைப்பட்டது, கன்று எந்நாளில் பிறந்தது என்னும் கணக்கை மாணாக்கர்களைக் கொண்டே எழுதிவரலாம். அந்தக் கணக்குப் புத்தகம் பத்து வருஷத்தில் ஊருக்குப் பெருஞ்செல்வமாகிவிடும்.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மேய்ச்சல் புறம்போக்கை ஆக்கிரமிப்பின்றிக் காத்துக்கொடுத்தல் வேண்டும். நிலமுடையோர், கொறங்காட்டை மனைகளாகப் பிரித்து விற்குமுன், ஒருமுறை விற்ற காட்டில் கிளுவை மறுபடி தளிர்க்காதென்பதைச் சிந்தித்தல் வேண்டும். மந்தையும் மேய்ச்சலும் நிலைத்த ஊரிலேதான் விவசாய ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்புண்டாகும்.